ஆட்டோவில் ஊர் சுற்றுதல்: ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும்

ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ள இரு நகரங்கள். திருமங்கலத்திலிருந்து தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744 இரண்டையும் இணைக்கிறது. விருதுநகர்–செங்கோட்டை ரயில் பாதையும் இரண்டு ஊர்களையும் தொட்டுச் செல்கிறது. வெளியூரிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் ஒரு பகல் பொழுதில் இவ்விரு ஊர்களையும் பார்த்துவிட்டுத் திரும்ப விரும்புகிறார்கள். சொந்த வாகனம் இல்லாதவர்களுக்கு அதற்குக் கைகொடுப்பது ஆட்டோ. ஓட்டுநரே வழிகாட்டியாகவும் ஆகிவிடுகிறார். எந்த இடத்தை முதலில் பார்ப்பது, எதை விட்டுவிடுவது, பார்த்த இடத்தைப் பற்றி எந்தக் கதையை நம்புவது ஆகிய மூன்றையும் பெரும்பாலும் அவர்தான் முடிவு செய்கிறார். ஆகவே இந்தப் பயணத்தைப் புரிந்துகொள்ள, ஊர்களோடு அந்த வண்டியையும் அதை ஓட்டுபவரையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வண்டி

மூன்று சக்கர மோட்டார் வண்டியில் ஊர் சுற்றிக் காட்டுவது உலகெங்கும் துறைமுக நகரங்களில் பரவலாகக் காணப்படும் வழக்கம். கப்பலில் வந்து இறங்குபவருக்குக் கையில் இருப்பது சில மணி நேரம்தான். பழைய துறைமுக நகரங்களின் தெருக்களோ குறுகலானவை, மேடுபள்ளமானவை. போர்ச்சுகலின் லிஸ்பனில் இந்தியாவின் ஆட்டோவை ஒத்த வண்டிகளே சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு குன்றுத் தெருக்களில் ஏறி இறங்குகின்றன. வேறு சில மேலைத் துறைமுகங்களில் பெரிய மோட்டார் சைக்கிளைப் போன்ற முச்சக்கர வண்டியில், ஓட்டுபவருக்குப் பின்னால் பயணிகள் தலைக்கவசத்துடன் உட்கார்ந்து செல்கிறார்கள். கொழும்பில் முச்சக்கர வண்டியும், கொச்சிக் கோட்டைப் பகுதியில் கறுப்பும் மஞ்சளுமான ஆட்டோவும் இதே வேலையைச் செய்கின்றன. கொச்சியில் சீன வலை, மட்டாஞ்சேரி அரண்மனை, யூதர் தெரு, சுக்குக் கிடங்கு என்று வரிசை ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது.

இந்த வண்டியின் மூலம் இத்தாலி. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948இல், பியாஜியோ நிறுவனம் தனது வெஸ்பா ஸ்கூட்டரின் பின்புறத்தில் இரண்டு சக்கரங்களைச் சேர்த்துச் சரக்கு வண்டியாக்கி 'ஆப்பே' என்ற பெயரில் விற்றது. இத்தாலிய மொழியில் வெஸ்பா என்றால் குளவி, ஆப்பே என்றால் தேனீ. பஜாஜ் நிறுவனம் 1959இல் இந்தியாவில் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளைத் தயாரிக்க உரிமம் பெற்றது. சரக்கு ஏற்றப் பிறந்த வண்டி இங்கே ஆளை ஏற்றும் வண்டியாகப் பெருகியது. தமிழ்நாட்டில் மனிதரை மனிதர் இழுக்கும் கைரிக்‌ஷா 1973இல் ஒழிக்கப்பட்டது. சிறு நகரங்களில் ரயில் நிலைய வாசலில் நின்ற குதிரை வண்டியும் சைக்கிள் ரிக்‌ஷாவும் படிப்படியாக மறைய, அந்த இடத்தையும் ஆட்டோவே பிடித்துக்கொண்டது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் துறைமுகம் இல்லை. மிக அருகில் உள்ள பெரிய துறைமுகம் தூத்துக்குடி. ஆனாலும் ஆட்டோவுக்கு வேலை கொடுக்கும் சூழல் அங்கும் இங்கும் ஒன்றுதான். பார்க்க வேண்டிய இடங்கள் நடப்பதற்குச் சற்றுத் தூரமாகவும், பேருந்து நுழைய முடியாத தெருக்களிலும் உள்ளன. கப்பல் புறப்படும் நேரம் துறைமுகப் பயணியை விரட்டுவது போல, கோயில் நடை சாத்தும் நேரம் இங்கே பயணியை விரட்டுகிறது.

ரத வீதிகள்

சென்னையிலிருந்து வரும் பொதிகை விரைவு ரயில் ஸ்ரீவில்லிபுத்தூரை அதிகாலையில் அடைகிறது. ரயில் நிலையம் கோயிலிலிருந்து தள்ளி இருப்பதால், அங்கேயே முதல் ஆட்டோ தேவைப்படுகிறது. நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும்போது, கட்டடங்களுக்கு மேலே வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம் தெரியத் தொடங்கும். 11 நிலைகள், 192 அடி உயரம். கோபுரத்தின் மேல் சுதைச் சிற்பங்கள் நெருக்கமாக இல்லாததால் அதன் உருவக்கோடு தொலைவிலிருந்தே தெளிவாகத் தெரியும். வண்ணம் பூசிய பொம்மைகள் அடுக்கடுக்காக நிறைந்த மதுரைக் கோபுரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு வகை அழகு.

கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகள் தேருக்காக அகலமாக அமைந்தவை. அவற்றிலிருந்து பிரியும் தெருக்களோ குறுகலானவை. மாடு, பூக்கூடை, சைக்கிள், பால்கேன் ஏற்றிய மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் இடம் விட்டு ஆட்டோ இவற்றில் நுழைந்து, குறைந்த இடத்திலேயே திரும்பியும் விடுகிறது. வெயில் ஏறிய பின் காலணி இல்லாமல் கல்தரையில் நடக்க முடியாது என்பதால் உள்ளூர் ஓட்டுநர்கள் கோயிலை முதலில் முடிக்கச் சொல்வார்கள். அது சரியான யோசனையே.

வெளியூர்க்காரர் பலருக்கு இங்கே ஒரு குழப்பம் நேர்கிறது. 'ஆண்டாள் கோயில்' என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் அருகருகே உள்ள இரு கோயில்களின் தொகுதி. ராஜகோபுரம் உள்ளது வடபத்ரசாயி கோயிலில். இங்கே மேல்தளத்தில் பெருமாள் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சி தருகிறார். மண்டபத்தின் விதானத்தில் மர வேலைப்பாடு உண்டு. ஆண்டாள் எழுந்தருளியிருப்பது மற்றொரு கோயில். அங்கே கருவறையில் ஆண்டாள், ரங்கமன்னார், கருடன் மூவரும் சேர்ந்து நிற்கின்றனர். இரண்டுக்கும் நடுவே உள்ள நந்தவனத்தில்தான் துளசிச் செடியின் அடியில் குழந்தை ஆண்டாளைப் பெரியாழ்வார் கண்டெடுத்தார் என்பது வைணவ மரபு. ராஜகோபுரத்தைப் படம் பிடித்துவிட்டு ஆண்டாளை மட்டும் வணங்கித் திரும்புவோர் நந்தவனத்தையும் வடபத்ரசாயியையும் பார்க்காமலே போய்விடுவதுண்டு. வாசலில் இறக்கிவிடும்போதே 'ரெண்டு கோயில் சார், நடுவுல நந்தவனம்' என்று சொல்லும் ஓட்டுநர் ஒரு நல்ல வழிகாட்டியின் வேலையில் பாதியை அப்போதே முடித்துவிடுகிறார்.

பன்னிரு ஆழ்வார்களில் பெரியாழ்வார், ஆண்டாள் ஆகிய இருவர் பிறந்த தலம் இது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஆண்டாள் பாடியவை 30 பாசுரங்கள் கொண்ட திருப்பாவையும், 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழியும். பெருமாளுக்குக் கட்டிய மாலையை ஆண்டாள் தான் சூடிப் பார்த்து, அழகைக் கண்டதாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணறு ஆண்டாள் கோயிலுக்குள் உள்ளது. சூடிக் கொடுத்த அந்தக் கதை இன்றும் வழிபாட்டு முறையாகத் தொடர்கிறது. ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்காகத் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்காக மதுரைக்கும் அனுப்பப்படுகிறது. ஆண்டாளின் கையில் இருக்கும் கிளி நாள்தோறும் இலைகளாலும் பூவாலும் புதிதாகச் செய்யப்படுகிறது. உடலுக்கு மரவள்ளி இலை, அலகுக்கு மாதுளம்பூ. ஒரு நாள் மட்டுமே வாழும் கைவினை அது.

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அன்று ரத வீதிகளில் ஆட்டோவுக்கு இடமில்லை. தேர்நாளையொட்டி வருபவர்கள் ஊரின் ஓரத்தில் இறங்கி நடக்க வேண்டியதுதான். மார்கழி மாதத்தில் விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். கூட்டம் இல்லாத நாளில் நிதானமாகப் பார்க்க விரும்புவோருக்கு இவ்விரு மாதங்களும் ஏற்றவையல்ல.

கோயிலுக்கு அருகே திருமுக்குளம் உள்ளது. அங்கிருந்து சிறிது தொலைவில் திருமலை நாயக்கர் அரண்மனை. மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் இங்கு வரும்போது தங்குவதற்காகக் கட்டியது. பின்னாளில் நீதிமன்றமாகவும் பயன்பட்ட இக்கட்டடம் இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மதுரை மகாலின் பிரம்மாண்டத்தை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது சிறியதாகத் தோன்றும். ஆனால் அங்குள்ள நெரிசல் இங்கே இல்லை; தூண்களையும் வளைவுகளையும் நின்று பார்க்க முடிகிறது. ஓட்டுநர்கள் பலர் இந்த இடத்தைத் தாமாகச் சொல்வதில்லை. கேட்டால் அழைத்துச் செல்வார்கள்.

சவாரியின் நடுவே சொல்லப்படும் கதைகள்

ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோ ஓட்டுநருக்குச் சுற்றுலாத் துறையின் வழிகாட்டி உரிமம் கிடையாது. அவர் சொல்வது பாட்டி சொன்னது, கோயில் பட்டர் சொல்லக் கேட்டது, முந்தைய பயணி படித்துக் காட்டியது என எல்லாம் கலந்தது. அதனாலேயே அது சுவையானது. அதனாலேயே சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டியதும் ஆகும்.

முதலில் வருவது தமிழ்நாடு அரசின் முத்திரை. 'இதுதான் சார் கவர்மெண்ட் கோபுரம்' என்று சொல்லாத ஓட்டுநர் ஸ்ரீவில்லிபுத்தூரில் அரிது. 1949இல் ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ் வடிவமைத்த முத்திரையில் உள்ளது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரமே என்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தைப் பார்த்து வரைந்தது என்று சொல்வோரும் உண்டு. ஓவியர் மதுரைக்காரர் என்பதை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். முத்திரையில் உள்ளது கோட்டோவியம் என்பதால், படத்தை மட்டும் வைத்துக்கொண்டு வழக்கை முடிக்க இயலாது. அதே 1949 ஏப்ரலில் சென்னை மாகாண அரசின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் பக்கத்து ஊரான ராஜபாளையத்தைச் சேர்ந்த பி. எஸ். குமாரசுவாமி ராஜா. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு கதையாக்குவது மிக எளிது. ஆனால் ஒரே ஆண்டில் நடந்தவை என்பது மட்டுமே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதற்குச் சான்றாகிவிடாது.

இரண்டாவது நகரா மண்டபக் கதை. திருமலை நாயக்கர் ஆண்டாளுக்கு உச்சிக்கால பூஜை முடிந்த பிறகே மதுரையில் உணவு உண்பார். பூஜை முடிந்ததை அறிவிக்க, வழிநெடுகக் கட்டப்பட்ட மண்டபங்களில் ஒன்றன்பின் ஒன்றாக முரசு ஒலிக்கும். ஒலி மதுரையை எட்டியதும் இலை போடப்படும் என்பது கதை. மதுரைச் சாலையில் பழைய மண்டபங்களைக் காட்டி இதைச் சொல்வார்கள். நாயக்கருக்கு இத்தலத்தின் மீது இருந்த பற்று உண்மை. அரண்மனையே அதற்குச் சான்று. ஆனால் வீரபாண்டிய கட்டபொம்மனுக்கும் திருச்செந்தூருக்கும் இடையே இதே கதை மணியோசையாகச் சொல்லப்படுகிறது. ஒரே கதை இரண்டு அரசர்களுக்குச் சொல்லப்படும்போது, அதைப் பக்தியைச் சொல்லும் ஒரு மரபான முறை என்று கொள்வதே பொருத்தம். கதை பொய் என்று ஓட்டுநரிடம் வாதிடுவதால் பயன் எதுவும் இல்லை. எந்த மண்டபம், எந்த ஊரில் என்று கேட்டால், அவர் காட்டும் கட்டடமாவது நிச்சயமான ஒன்றாக இருக்கும்.

மூன்றாவது, ஊரின் ஓரத்தில் ராஜபாளையம் செல்லும் திசையில் உள்ள மடவார்வளாகம் வைத்தியநாதசுவாமி கோயிலைப் பற்றியது. திருமலை நாயக்கரின் வயிற்றுவலி இங்கே தீர்ந்தது என்பர். வைணவத் தலம் என்றே அறியப்பட்ட ஊரில் இவ்வளவு பெரிய சிவன் கோயில் இருப்பது பலருக்கு வியப்பு. காலை நேரச் சுற்றில் கடைசியாக இதை வைப்பது வழக்கம். நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதி என்பதால், இங்கிருந்து அப்படியே ராஜபாளையத்துக்குப் புறப்படலாம்.

பால்கோவா கதை தனி. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் மட்டுமே பொருட்கள். வாணலியில் பாலை ஊற்றிக் கைவிடாமல் கிளறி, சரியான பதத்தில் சர்க்கரை சேர்த்து இறக்குவார்கள். சுற்றுவட்டாரக் கறவை மாடுகளின் பால்தான் சுவைக்குக் காரணம் என்பது ஊர்க்காரர்களின் கருத்து. பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும் தயாரித்து விற்கிறது. தனியார் கடைகளோ எண்ணற்றவை. இங்கே பயணி ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. எந்த ஊரிலும் சுற்றிக் காட்டும் வண்டிக்கும் கடைக்கும் இடையே கமிஷன் உறவு இருக்கக்கூடும். ஓட்டுநர் நிறுத்தும் கடை மோசமானது என்று இதற்குப் பொருள் இல்லை. சிறிது வாங்கி ருசித்துவிட்டு, அன்று கிளறியதா என்று கேட்டு, பிறகு கிலோக் கணக்கில் வாங்கலாம். பால்கோவா நெடுநாள் தாங்கும் பண்டம் அல்ல.

நண்பகல்

பன்னிரண்டரை, ஒரு மணிக்குள் கோயில்கள் நடை சாத்திவிடும். மீண்டும் திறக்க மாலை நான்கு மணியாகும். இந்த மூன்று மணி நேரம்தான் ஒருநாள் பயணத்தின் சிக்கலான பகுதி. பத்து மணிக்கு ஊருக்குள் வந்து, பதினொன்றுக்கு ஆட்டோ பிடிப்பவர் ஆண்டாளைத் தரிசித்த கையோடு மூடிய கதவுகளைத்தான் பார்ப்பார். பிறகு மாலைவரை வெயிட்டிங் வாடகை ஏறிக்கொண்டிருக்கும். அனுபவமுள்ள ஓட்டுநர் இந்த இடைவெளியை ராஜபாளையத்துக்கு ஒதுக்குவார், ஏனெனில் அங்கே பார்க்க வேண்டியவற்றில் பல கோயில்கள் அல்ல.

ஆனால் இங்கே ஒரு தடையும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்ட் ஓட்டுநர் ராஜபாளையத்தை அவ்வளவாகக் 'காட்டும்' ஊராக நினைப்பதில்லை. 'அங்க என்ன சார் இருக்கு, மில்லுதான்' என்பது வழக்கமான பதில். பயணியும் அதை நம்பிவிட்டால், தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றில் ஒரு முக்கியமான ஊரைப் பேருந்து ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்துவிட்டுப் போக நேரும்.

ராஜபாளையம்

ஊரின் பெயரே அதன் வரலாற்றைச் சொல்கிறது. விஜயநகரப் பேரரசின் காலத்தோடு தொடர்புடைய தெலுங்கு பேசும் ராஜுக்கள் குடியேறி வளர்த்த ஊர் இது. பழையபாளையம் என்றும், சிங்கராஜா கோட்டை, சக்கராஜா கோட்டை என்றும் பகுதிகளின் பெயர்கள் வழங்குகின்றன. கோட்டை என்றதும் மதிலையும் அகழியையும் தேடக் கூடாது; அவை குடியிருப்புகள். சமூகத்தின் பொதுக் காரியங்கள் நடக்கும் சாவடிகள் அங்கே உண்டு. இந்தத் தெருக்களுக்குள் கார் நுழைந்தால் எதிரே வருபவருக்கு வழி இருக்காது. ஆட்டோவின் அருமை இங்கேதான் தெரியும்.

பஞ்சாலைகள் இல்லாமல் ராஜபாளையம் இல்லை. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் ஊரின் போக்கையே மாற்றியது. கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது. மழையை நம்பிய விவசாயத்தில் வேலை ஆண்டு முழுவதும் கிடைக்கவில்லை. ஆலை அந்தக் கைகளை எடுத்துக்கொண்டது. பின்னர் சிமெண்ட் வரை விரிந்த ராம்கோ குழுமத்தின் தொடக்கம் இதுவே. ராம்கோ என்ற பெயரில் இருப்பதும் ராமசாமி ராஜாவின் பெயர்தான். ஆலைக்குள் பயணிகளுக்கு அனுமதி கிடையாது. ஷிப்ட் மாறும் நேரத்தில் சாலையில் நிறையும் சைக்கிள்களும், தொழிலாளரை இறக்கி ஏற்றும் வேன்களுமே வெளியே தெரியும் காட்சி. கிழக்கே உள்ள சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் மருத்துவமனைக்கான பேண்டேஜ் துணியும் காஸும் நெய்கின்றன. வெயிலில் உலர்த்தப்பட்டிருக்கும் வெள்ளைத் துணியைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். எந்த ஊர் மருத்துவமனையிலோ காயத்தைச் சுற்றும் துணி எங்கிருந்து வருகிறது என்று யோசித்தவர்கள் குறைவு.

குமாரசுவாமி ராஜா 1898இல் இங்கே பிறந்தார். 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னையின் முதல்வராக இருந்தார்; இந்தியா குடியரசானதும் இந்தக் காலத்தில்தான். பின்னர் ஒடிசாவின் ஆளுநராகப் பணியாற்றி 1957இல் காலமானார். தன் வீட்டையே பொதுக் காரியத்துக்குக் கொடுத்துவிட்டார்; காந்தி கலை மன்றம் அதன் விளைவு. முதல்வராக இருந்தவரின் வீடு எப்படி இருந்திருக்கும் என்ற ஆவலோடு வருபவர்களுக்கு அங்கே கிடைப்பது ஆடம்பரமற்ற ஒரு பொது இடம். ஓட்டுநரின் வழக்கமான பட்டியலில் இது இருப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

அவர்களின் பட்டியலில் தவறாமல் இருப்பது நாய். ராஜபாளையம் நாய் பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் நீண்ட கால்களும் கொண்ட வேட்டை இனம். இந்திய அஞ்சல் துறை 2005 ஜனவரியில் வெளியிட்ட நான்கு இந்திய நாயினத் தபால்தலைகளில் ஒன்று இதற்குரியது. மற்றவை இமாலய மேய்ப்பு நாய், ராம்பூர் வேட்டை நாய், முதோல் வேட்டை நாய். பாளையக்காரர் போரில் வெள்ளையரின் கூடாரத்தில் பாய்ந்த கதை இந்த நாய்க்கும் உண்டு. அதைக் கேட்டு ரசிக்கலாம். ஆனால் குட்டி வாங்கும் எண்ணத்தோடு வருபவர்களுக்குப் பயன்படும் செய்தி வேறு. முழுவெள்ளை நிறமுள்ள நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை தோன்றுவதுண்டு. அழைத்துப் பார்க்காமல், கைதட்டிப் பார்க்காமல், ஆட்டோ நிற்கும் அவசரத்தில் குட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுவது நல்லதல்ல. ஒரே ஆளைச் சார்ந்து வளரும் இந்த நாயை அடுக்குமாடிக் குடியிருப்பில் அடைத்து வைப்பதும் அதற்குக் கொடுமையே.

மாம்பழக் காலத்தில் வருபவர்கள் சப்பட்டையைத் தவறவிடக் கூடாது. பெயருக்கேற்பத் தட்டையான இப்பழம் மலையடிவாரத் தோப்புகளிலிருந்து சந்தைக்கு வருகிறது. மாலையில் நடை திறந்ததும் மாயூரநாதசுவாமி கோயிலைப் பார்த்துவிட்டு, சஞ்சீவி மலையில் ஏறினால் ஊரும் அதற்குப் பின்னால் மேற்குமலையும் ஒரே பார்வையில் தெரியும். அனுமன் தூக்கிச் சென்ற மலையிலிருந்து விழுந்த துண்டு என்று இதையும் சொல்வார்கள்; இப்படித் துண்டு விழுந்த மலைகள் தமிழ்நாட்டில் வேறு ஊர்களிலும் இருக்கின்றன.

மலையடிவாரம்

இரு ஊர்களுக்கும் மேற்கே காடு. 1988இல் சாம்பல் நிற அணில்களுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்கும், ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயிலுக்கும் ஆட்டோ போகும். ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் அய்யனார் கோயில் பக்கம்தான் உள்ளது. நீர் காத்த அய்யனார் என்ற பெயரைக் கேட்கும்போதே, ஊர் தன் நீரூற்றை எப்படிக் கருதியது என்பது விளங்கும்.

இங்கேதான் ஒருநாள் திட்டம் தடுமாறுகிறது. காட்டுக்கும் காலை நேரம்தான் நல்லது. கோயிலுக்கும் அதே காலைதான். பிற்பகலில் காட்டுப் பக்கம் போனால் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பப்படலாம். மழை பெய்தால் ஓடையில் திடீரென நீர் வரத்து கூடும். அப்போது வனத்துறை அருவிக்குச் செல்லத் தடை விதிக்கும். மேலே வானம் இருண்டிருந்தால், கீழே வெயில் அடித்தாலும் ஆபத்துதான். 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்று ஓட்டுநர் சொன்னாலும், சாவடியில் இருப்பவர் வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டும். சாம்பல் நிற அணில் மரக்கிளைகளின் மேலடுக்கில் வாழும் கூச்ச சுபாவமுள்ள விலங்கு. இஞ்சின் சத்தத்தோடும் பாட்டோடும் வரும் வண்டியிலிருந்து அதைக் காண்பது அரிது. வண்டியை நிறுத்திவிட்டு, அனுமதிக்கப்பட்ட இடத்தில் அரைமணி நேரம் பேசாமல் நிற்பவருக்கே வாய்ப்பு அதிகம். காட்டைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அதற்கு இரண்டாவது நாளின் காலையை ஒதுக்குவதே முறை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே உள்ள திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கு இத்தகைய தடை இல்லை. தென் திருப்பதி என்று பக்தர்கள் அழைக்கும் இக்குன்றில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். மற்ற நாட்களில் மாலை வேளைக்கு ஏற்ற இடம்.

வாடகை

சென்னைக்கு 2013இல் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் உண்டு. சிறு நகரங்களில் பேச்சுதான் கட்டணம். பேசும்போது மூன்று விஷயங்களைத் தெளிவாக்கிக்கொண்டால் பிறகு சண்டை வராது. ஒன்று, தொகை முழு நாளுக்கா, இடங்களின் எண்ணிக்கைக்கா என்பது. இரண்டு, கோயிலுக்குள் இருக்கும் நேரத்துக்கு வெயிட்டிங் தனியா என்பது. மூன்று, ராஜபாளையத்தில் இறங்கிக்கொள்வதாக இருந்தால் ரிட்டன் சேர்த்தா என்பது. மூன்றாவதில்தான் பயணிகள் ஏமாற்றம் அடைவதாக நினைக்கிறார்கள். ஆனால் ஓட்டுநரின் பக்கம் பார்த்தால் நியாயம் புரியும். ராஜபாளையம் ஸ்டாண்டில் அவர் வரிசையில் நின்று சவாரி எடுக்க அங்குள்ளவர்கள் விடமாட்டார்கள். காலி வண்டியாகவே 12 கிலோமீட்டர் திரும்ப வேண்டும். எரிபொருள் இரு வழிக்கும் அவர் கையிலிருந்துதான்.

இதற்கு எளிய மாற்று ஒன்று உண்டு. இரு ஊர்களுக்கும் இடையே பேருந்துகள் அடிக்கடி ஓடுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரைக் காலையில் ஓர் ஆட்டோவில் முடித்து, பேருந்தில் ராஜபாளையம் போய், அங்கே உள்ளூர் ஆட்டோ ஒன்றைப் பிடித்தால் செலவு குறையும். அதைவிடப் பெரிய ஆதாயம், சாவடிகளையும் கலை மன்றத்தையும் அறிந்த ராஜபாளையத்துக்காரரே வழிகாட்டியாகக் கிடைப்பார். தன் ஊரை 'மில்லுதான்' என்று அவர் சொல்லமாட்டார்.

ஆட்டோவில் பயணிகள் மூவருக்கே அனுமதி. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தை நெருக்கி ஏற்றிக்கொள்ள ஓட்டுநர் சம்மதித்தாலும், நெடுஞ்சாலையில் லாரிகளுக்கும் விரைவுப் பேருந்துகளுக்கும் நடுவே அப்படிச் செல்வது ஆபத்து. பிடிபட்டால் அபராதம் கட்டுவது ஓட்டுநர்தான். மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதால், வேலை நாட்களில் காலையில் வழக்குக்கு வருபவர்களே ஆட்டோக்களை நிரப்பிவிடுவார்கள். முழுநாள் சுற்றுக்கு வண்டி வேண்டுமென்றால் முதல் நாள் மாலையே ஸ்டாண்டில் பேசி வைப்பது உதவும். ஞாயிற்றுக்கிழமையில் அந்தச் சிரமம் இல்லை.